பேர்போன சீனக் கஞ்சிக்கடைகள்: ஒரு மணி நேர வரிசைக்குத் தகுமா?

கிளமெண்டி வாசகன்

நம் சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் கேன்டனீஸ் (தென்சீன வகை) கஞ்சி விற்கும் சில கடைகளுக்குச் சனி, ஞாயிறு காலையில் நாற்பது ஐம்பது பேர் வரிசை பிடிக்கிறார்கள். கடை முகப்பில் பத்திரிகைத் துணுக்கு, தொலைக்காட்சிப் பிரபலத்தோடு எடுத்த படம், மிஷலின் உணவு வழிகாட்டியின் ஒட்டுப்படம் எல்லாம் இருக்கும். கிண்ணம் 5, 6 வெள்ளி. வாங்கி உட்கார்ந்தால், பக்கத்து புளோக் காப்பிக்கடையில் நிற்காமல் கிடைக்கும் கஞ்சியைவிட இது எந்த வகையில் உசத்தி என்று பிடிபடுவதில்லை. சில இடங்களில் அதைவிட மட்டம்.

நல்ல கஞ்சியை எதை வைத்து அடையாளம் காண்பது? வரிசையில் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? கடைப் பெயர் யாரும் போட வேண்டாம். அளவுகோல்தான் வேண்டும்.

அடுப்படி

நல்ல கேள்வி. வரிசையிலிருந்தே தொடங்கலாம், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

கேன்டனீஸ் கஞ்சிக்கடைகளில் இரண்டு முறை. ஒன்று, எல்லாவற்றையும் அண்டாவிலேயே சேர்த்துக் கொதிக்கவைத்து மொண்டு ஊற்றுவது. கறுப்பு முட்டையும் (பதப்படுத்திக் கறுக்கவைத்த வாத்து முட்டை) உப்பிட்ட பன்றி இறைச்சியும் போட்ட கஞ்சி பெரும்பாலும் இப்படித்தான். இன்னொன்று ‘சாங் குவான் ஜூக்’. அண்டாவில் அடிக்கஞ்சி மட்டும் இருக்கும். ஆர்டர் வந்ததும் ஒரு கிண்ணத்துக்கான கஞ்சியைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்து, தனி அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, பச்சை மீன், ஈரல், கைமா உருண்டையை அதிலேயே போட்டு வேகவைத்துக் கொடுப்பார்கள். பழைய கடைகள் பெயர் வாங்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையால்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு கிண்ணத்துக்கு 3 முதல் 4 நிமிடம். நாலு அடுப்பு ஓடினால் சுமாராக நிமிடத்துக்கு ஒரு கிண்ணம், மணிக்கு 60. வரிசையில் 40 பேர், ஆளுக்கு ஒன்றரைக் கிண்ணம் என்றால் ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். மெதுவாக நகரும் வரிசை கடையின் குற்றமில்லை. அதே 40 பேர் கால் மணி நேரத்தில் கரைந்துபோனால்தான் சந்தேகப்பட வேண்டும். இறைச்சியை முன்கூட்டியே வேகவைத்துத் தட்டில் அடுக்கிவிட்டார்கள், கஞ்சியை மேலே ஊற்றித் தருகிறார்கள் என்று அர்த்தம். பெயர் பெரிதாகிக் கூட்டம் தாங்கமுடியாமல் போகும்போது முதலில் கைவிடப்படுவது இந்தச் சின்னப் பாத்திரம்தான்.

ஆகவே வரிசையில் சேருவதற்கு முன் கடையின் பக்கவாட்டில் போய் நின்று அடுப்பைப் பாருங்கள். சின்னப் பாத்திரங்கள் ஓடுகின்றனவா? ஈரலும் மீனும் பச்சையாக, ஐஸ் மேலோ குளிர்பெட்டியிலோ இருக்கின்றனவா, அல்லது சாம்பல் நிறத்தில் வெந்து குவிந்து கிடக்கின்றனவா? இந்த இரண்டையும் பார்த்தாலே போதும்.

புக்கிட் பாத்தோக் மணி

அடுப்படி அண்ணே சொன்னது சரி. ஆனா சின்னப் பாத்திரம் ஓடுற கடையிலயும் கஞ்சி சப்புன்னு இருக்கறது உண்டு. இங்க எல்லாரும் மேல போடற சாமானைத்தான் பேசறாங்க. மீன் எத்தனை துண்டு, அபலோனி கடல்நத்தை உண்டா, முட்டை ரெண்டா. கஞ்சின்னா அடிக்கஞ்சிதான். அது நல்லா இல்லைன்னா மேல என்ன கொட்டினாலும் தேறாது.

பரிசோதனை ரொம்ப சுலபம். முதல் தடவை போறப்ப வெறும் கஞ்சி வாங்குங்க, இல்லாட்டி இருக்கறதுலயே விலை குறைஞ்ச கிண்ணம். சோயா ஊத்தாதீங்க, மிளகுத்தூள் போடாதீங்க. மூணு கரண்டி அப்படியே குடிங்க. அரிசி வாசனை வருதா? நாக்குல மாவு ஒட்டுதா? விழுங்கின பிறகு தொண்டையில உப்பு மட்டும் நிக்குதா? இதுல தோத்த கடைக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

ஈஷூன் ராஜி

அந்த அடிக்கஞ்சியை எப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது விளக்கமாக எழுதுங்களேன். வீட்டில் செய்தால் சோறு குழைந்த மாதிரிதான் வருகிறது, அந்த வழவழப்பு வருவதில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள்.

அடுப்படி

ராஜி அக்கா, அளவோடு எழுதுகிறேன். நாலு சின்னக் கிண்ணத்துக்கு.

அரிசி 100 கிராம், தண்ணீர் அல்லது எலும்புச்சாறு 1.2 லிட்டர். கொதித்து வற்றியபின் ஏறக்குறைய ஒரு லிட்டர் நிற்கும். தாய்லாந்து மல்லிகை அரிசி போதும். அதில் 10 கிராமைக் குறைத்துவிட்டுப் பசையரிசி சேர்த்தால் வழவழப்பு கூடும். அதற்கு மேல் சேர்த்தால் கூழாகிக் கரண்டியில் தொங்கும். பாஸ்மதி வேண்டாம், புழுங்கல் வேண்டவே வேண்டாம். புழுங்கலில் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியது, மணி எளிதில் கரையாது.

அரிசியைக் கழுவி வடித்து, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைக்க வேண்டும். கடைக்காரர்களில் சிலர் இந்தக் கட்டத்தில் ஒரு கறுப்பு முட்டையை நசுக்கிச் சேர்ப்பார்கள். அந்த முட்டை காரத்தில், அதாவது சுண்ணாம்பு போன்ற காரப்பொருளில் (மிளகாய்க் காரமில்லை), ஊறியது. அந்தக் காரம் அரிசியைச் சீக்கிரம் உடைக்கும்.

தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே அரிசியைப் போட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மணி அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் அடிவரை கிளற வேண்டும். அப்புறம் மூடியைச் சாய்த்து வைத்து, நடுவில் ஓயாமல் புரளும் கொதியில் ஒன்றரை மணி நேரம். இதைத்தான் ‘மிங் ஃபோ’ கஞ்சி என்பார்கள், அடுப்பு எரிவது கண்ணுக்குத் தெரியும்படி விடாமல் கொதிப்பது. சிறுதீயில் வைத்து மறந்துவிட்டால் அரிசி வேகும், உடையாது. மணிகள் ஒன்றோடொன்று மோதிப் புரண்டால்தான் மாவு தண்ணீரில் கலந்து பாலாகும். வீட்டில் குழைந்த சோறாக நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம்.

இடையில் தண்ணீர் போதவில்லை என்றால் கொதிநீர் மட்டும் ஊற்றுங்கள். அடிபிடித்தால் சுரண்டாதீர்கள். மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டினால் தீய்ந்த வாடை முழுவதிலும் ஏறிவிடும்.

சாறுக்குப் பன்றி எலும்பு வழக்கம். எலும்பை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிய பிறகே சாறு வைக்க வேண்டும். பன்றி வேண்டாம் என்றால் கோழி எலும்பு. கூடவே காய்ந்த சிப்பிச்சதை இரண்டு, ஒரு கைப்பிடி ‘ஃபூ சுக்’ என்கிற காய்ந்த சோயாபால் ஏடு. நல்ல கடைகளில் காய்ந்த நாக்கு மீனைப் பொரித்துத் துணியில் கட்டிச் சாறில் தொங்கவிடுவார்கள். கடைக் கஞ்சியில் ‘என்னவோ ஒரு வாசனை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மீன்தான்.

ஈஷூன் ராஜி

நன்றி அண்ணே. ஒன்றரை மணி நேரம் வேலைநாளில் முடியாது. குக்கரில் வருமா?

சமையல்கட்டு சாந்தி

வரும் ராஜி. இரண்டு வழி இருக்கிறது.

குக்கர்: 100 கிராம் அரிசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, கஞ்சி நுரைத்து வால்வை அடைத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் கட்டாயம், நுரையை அடக்குவது அதுதான். ஆவி ஏறியபின் தீயைக் குறைத்து 20 நிமிடம். தானாக அடங்கட்டும், அவசரப்பட்டு ஆவியை விட்டால் கஞ்சி பீய்ச்சி அடிக்கும். திறந்தபின் கம்பி மத்தால் அடித்துக்கொண்டே 10 முதல் 15 நிமிடம் திறந்தபடி கொதிக்கவிட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டால் தண்ணீர் மேலே, சோறு கீழே என்று நிற்கும்.

உறைய வைப்பது: அரிசியைக் கழுவி வடித்து ஈரத்தோடு பையில் போட்டு இரவு முழுக்க உறைபெட்டியில் வையுங்கள். மணிக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி விரியும்போது அரிசியில் விரிசல் விழும். காலையில் அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போட்டால் 25, 30 நிமிடத்தில் உடைந்துவிடும். ஒன்றரை மணி நேரக் கொதியின் வாசனை இதில் வராது, ஆனால் வழவழப்பு வந்துவிடும்.

சமையல் சோடா போடச் சொல்லிச் சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். கஞ்சி வழுக்கும், சோப்புச் சுவை தட்டும், அரிசியில் இருக்கிற கொஞ்சநஞ்ச பி1 சத்தும் போகும்.

கிளமெண்டி வாசகன்

கடைகளில் சோள மாவு கலக்கிறார்கள் என்பது உண்மையா? கண்டுபிடிக்க முடியுமா?

புக்கிட் பாத்தோக் மணி

சில இடத்துல கலக்கறாங்க தம்பி. கூட்ட நேரத்துல கஞ்சி தீரப் போகுது, அண்டாவுல கொதிநீர் ஊத்தி நீட்டறாங்க, நீர்த்துப் போச்சுன்னா மாவு கரைச்சு ஊத்திக் கெட்டியாக்கறாங்க. கரண்டியில எடுத்துச் சாய்ச்சுப் பாருங்க. அரிசி உடைஞ்ச கஞ்சி வெண்மையா, மங்கலா இருக்கும், உத்துப் பாத்தா பொடிப்பொடியா மணியோட நார் தெரியும். சோள மாவு கண்ணாடி மாதிரி பளபளக்கும், இழுத்தா சளி மாதிரி நூல் விடும்.

இன்னொண்ணு. காலை 7 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் ஒரே கடையில ஒரே கஞ்சி கிடைக்காது. கடை திறந்து முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் அண்டா அதோட சரியான பதத்துல இருக்கும். வேலைநாள் காலையில போனா வரிசையும் குறைவு, கஞ்சியும் நல்லா இருக்கும். ஞாயித்துக்கிழமை 11 மணிக்குப் போய்க் கடையைத் திட்டறது நியாயமில்லை.

அடுப்படி

மாவு விஷயத்தில் ஒரு திருத்தம், மணி அண்ணே. அரிசி மாவையும் நொய்யரிசியையும் சோள மாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். நொய்யில் கஞ்சி வைப்பது பழைய முறை. அது சீக்கிரம் உடையும், சுவையும் அரிசிச் சுவைதான். அதை ஏமாற்று என்று சொல்லக்கூடாது. சோள மாவில் அரிசி வாசனையே இல்லை, அதுதான் ஆட்சேபம்.

பாசிர் ரிஸ் கலா

ஒரு சந்தேகம். கெட்டியாகத்தான் தருகிறார்கள். பாதி சாப்பிடுவதற்குள் தண்ணீராகிவிடுகிறது. இதுவும் மாவு கலந்ததால்தானா?

சமையல்கட்டு சாந்தி

பெரும்பாலும் கடை காரணமில்லை கலா, கரண்டி காரணம். நம் எச்சிலில் அமைலேஸ் என்கிற நொதி இருக்கிறது, மாவுச்சத்தை உடைப்பதுதான் அதன் வேலை. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கஞ்சியில் விடும்போது அது கிண்ணத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஆறிக்கொண்டிருக்கும் கஞ்சியில், மெதுவாகச் சாப்பிடுகிறவர் கிண்ணத்தில், இது நன்றாகத் தெரியும்.

சோதிக்க வேண்டுமானால், சாப்பிடத் தொடங்கும் முன்பே சுத்தமான கரண்டியால் கொஞ்சத்தைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். கால் மணி நேரம் கழித்து அது அப்படியே இருந்து உங்கள் கிண்ணம் மட்டும் நீர்த்திருந்தால் எச்சில்தான். எடுத்து வைத்த கஞ்சியிலும் நீர் பிரிந்து நின்றால் கடையில் கொதிநீர் கலந்திருக்கலாம். நல்ல கஞ்சி ஆறும்போது மேலே மெல்லிய ஏடு படியும், கீழே ஒரே சீராக இறுகும்.

பச்சை முட்டைக்கும் இதே போன்ற ஒரு குணம் உண்டு. மஞ்சள் கருவிலும் அமைலேஸ் இருக்கிறது. கொதிக்கும்போதே கலந்தால் அது செயலிழந்துவிடும். வெதுவெதுப்பான கஞ்சியில் முட்டையைக் கலக்கினால் நீர்த்துப்போகும். முட்டையைக் கிண்ணத்தின் அடியில் உடைத்து ஊற்றி, கொதிக்கும் கஞ்சியை மேலே விடும் கடை விஷயம் தெரிந்த கடை. நீங்களும் வந்த உடனே அடியிலிருந்து கிளறிவிடுங்கள்.

பினாங்குக்காரன்

இவ்வளவு நேரமும் கேன்டனீஸ் கஞ்சியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு சீனப் பிரிவினரான தியோசூக்காரர்களின் கஞ்சி ‘முவே’ முற்றிலும் வேறு. அதைக் கேன்டனீஸ் அளவுகோலால் அளந்து ‘சோறு உடையவே இல்லை, இதற்கா இவ்வளவு பெயர்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்து வருத்தமாக இருக்கிறது.

முவேயில் மணி மணியாகச் சோறு தெரிய வேண்டும், சுற்றிலும் தெளிந்த கஞ்சித்தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு ஏழு பங்கு தண்ணீர், பலமான தீயில் 15 நிமிடம், மணி வாய்திறக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்து மூடிவைப்பது. உப்புக்கூடப் போட மாட்டார்கள். ஹொக்கியன்காரர்கள் இதிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துண்டுபோட்டுச் சேர்ப்பார்கள்.

சுவை முழுவதும் பக்கத் தட்டுகளில். உப்பு வாத்து முட்டை, ‘சாய் போ’ என்ற உப்பு முள்ளங்கி போட்ட ஆம்லெட், சோயாவிலும் அரத்தையிலும் வேகவைத்த வாத்து, பதப்படுத்திய கடுகுக்கீரை, அவித்து ஆறவைத்த மீனும் அதற்குத் தொட்டுக்கொள்ள ‘தாவ்ச்சியோ’ சோயா விழுதும். வாத்தில் அரத்தை வாசனை வரவில்லை என்றால் அது தியோசூ வாத்தே இல்லை.

இந்தக் கடைகளில் ஏமாறும் இடம் விலை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டுகளில் விலை எழுதியிருக்க மாட்டார்கள். கைகாட்டி எடுத்துக்கொண்டே போனால் மூன்று பேருக்கு 50 வெள்ளியைத் தாண்டிவிடும். முக்கியமாக வெள்ளை வவ்வால் மீன், அதை எடைபோட்டு விற்பார்கள். ஆர்டர் சொல்லும் முன் ‘இந்த மீன் எவ்வளவு’ என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மீனை விட்டுவிட்டு முட்டை, டோஃபு, கீரை, கொஞ்சம் வாத்து என்று நாலு தட்டு எடுத்தால் செலவு பாதியாகும், சாப்பாடும் நிறைவாகவே இருக்கும்.

நெறியாளர்

கடைப் பெயரோடு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. செய்முறை, விலை, நேரம் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்.

பாசிர் ரிஸ் கலா

தீய்ந்த வாசனை வருகிற கஞ்சியைச் சிலர் கொண்டாடுகிறார்களே?

பினாங்குக்காரன்

பாங்காக்கில் அது ஒரு பாணி. பாங்ராக் பகுதியில் இருக்கும் ஜோக் பிரின்ஸ் என்ற கஞ்சிக்கடை அந்த லேசான புகை மணத்துக்காகவே பெயர் பெற்றது. கஞ்சி கூழாக, மிகக் கெட்டியாக இருக்கும், பன்றிக் கைமா உருண்டை பெரிதாக இருக்கும். அங்கே அது வேண்டுமென்றே வரவழைத்த மணம். சிங்கப்பூர் கேன்டனீஸ் கடையில் அதே வாடை வந்தால் அண்டாவைக் கவனிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளமெண்டி வாசகன்

மிஷலின் ஒட்டுப்படத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்?

அடுப்படி

ஒட்டுப்படத்தில் ஆண்டு போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பதிப்பு 2016இல் தொடங்கியது. பட்டியல் ஆண்டுதோறும் மாறும், ஆனால் பழைய ஒட்டுப்படத்தை யாரும் கிழிப்பதில்லை. அங்காடிக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது பிப் குர்மோ. அது நட்சத்திரமில்லை. 45 வெள்ளிக்குள் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடம் என்று சொல்வதற்கானது. கஞ்சிக்கு மட்டும் தனித் தேர்வு வைத்துக் கொடுத்த பட்டமும் இல்லை. அந்தப் பட்டம் வந்த மறுவாரமே கூட்டம் இரட்டிப்பாகும், ஆனால் அடுப்பும் ஆளும் அதே எண்ணிக்கைதான். கடையில் தரம் சரிவது பலமுறை பட்டத்துக்குப் பிறகுதான்.

உட்லண்ட்ஸ் சேகர்

கடைக்காரர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கணும். காலை 6 மணிக்குக் கஞ்சி தயாரா இருக்கணும்னா 3, 4 மணிக்கு அடுப்பு மூட்டணும். எலும்புச்சாறு அதுக்கு முந்தின நாள் வேலை. ஈரல் வெட்டறது, குடல் கழுவறது, மீன் சீவறது எல்லாம் கைவேலை. குடலை உப்பும் மாவும் போட்டுத் தேய்ச்சு மூணு நாலு தடவை கழுவலைன்னா நாத்தம் போகாது. இத்தனைக்கும் கிண்ணம் 5 வெள்ளி. ஓட்டல்ல இதே கிண்ணம் 15 வெள்ளிக்கு மேல. ‘ஓவர் பில்டப்’ன்னு ஒரு வரியில தள்ளிட்டுப் போறது சரியில்லை. கடை அந்த விலைக்குச் செய்யற வேலை பெரிசு. பில்டப் கொடுக்கறது வீடியோ போடறவங்க.

புக்கிட் பாத்தோக் மணி

சேகர் சொல்றதுல எனக்கும் சம்மதம். உழைப்பை யாரும் குறை சொல்லலை. ஆனா உழைப்பைக் குறைச்சிட்டுப் பழைய பேர்ல வரிசை நிக்க வெக்கிற கடையும் இருக்கு. அதை வாடிக்கையாளர் கண்டுபிடிச்சுக்கணும். நல்லாச் செய்யற கடைக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாசிர் ரிஸ் கலா

மீன் கஞ்சியில் எந்த மீன் கேட்க வேண்டும்? ஈரல் சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா?

அடுப்படி

மீன் துண்டுக் கஞ்சிக்கு இங்கே பெரும்பாலும் ‘பத்தாங்’, நம் வஞ்சிரம் இனம். அரை சென்டிமீட்டர் தடிமனில் சீவி, இஞ்சிச்சாறு, வெள்ளை மிளகு, கொஞ்சம் எண்ணெய், ஒரு சிட்டிகை மாவு பிசறி வைத்திருப்பார்கள். கொதிக்கும் கஞ்சியில் 30, 40 விநாடி போதும். கிண்ணத்துக்கு வரும்போது துண்டு முழுசாக, கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நார் நாராக உலர்ந்திருந்தால் முன்னாடியே வேகவைத்த மீன். ‘தோமான்’ கேட்டால் விரால் இனம், சதை இறுக்கமாக இருக்கும், சீக்கிரம் உடையாது.

சின்னப் பாத்திரத்தில் போடும் வரிசையும் முக்கியம். கைமா உருண்டை முதலில், இரண்டு நிமிடம். பிறகு இறைச்சித் துண்டு. ஈரலும் மீனும் கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் உருண்டை வேகும் நேரத்தில் ஈரல் ரப்பராகிவிடும். அடிக்கஞ்சி கொதிக்கும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால், தெரிந்த கை முதலிலேயே ஒரு சின்ன அகப்பை சாறு ஊற்றித் தளர்த்தும்.

ஈரல் நடுவில் சிவந்து ரத்தம் கசிந்தால் திருப்பிக் கொடுத்து வேகவைக்கச் சொல்லுங்கள். சரியாக வேகாத பன்றி ஈரலிலிருந்து ஹெபடைட்டிஸ் இ தொற்றலாம். மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் சீவினால் முழுதாக வெந்தும் மிருதுவாகவே இருக்கும். அப்படிச் சீவத் தெரிந்த கடையில் இந்தப் பிரச்சினை வராது.

உட்லண்ட்ஸ் சேகர்

முன்னெல்லாம் கஞ்சிக்குப் பக்கத்துல பச்சை மீன் தட்டு குடுப்பாங்களே, எள்ளெண்ணெய், எலுமிச்சை, இஞ்சி போட்டு. இப்ப எங்கயும் காணோம்?

சமையல்கட்டு சாந்தி

2015இல் வந்த தொற்றுக்குப் பிறகு நின்றது சேகர் தம்பி. பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் எஸ்டி283 என்ற வகை. கெண்டை இனமான ‘சோங்’ மீன், தோமான் போன்ற நன்னீர் மீன்களைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு வந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களுக்கும் ரத்தத்தில் நஞ்சேறி, மூளையுறை அழற்சி, மூட்டுத் தொற்று வரை போனது. அந்த ஆண்டு டிசம்பரில் உணவுக்கடைகள் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தடை செய்தது.

எலுமிச்சை பிழிந்தால் கிருமி சாகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாகாது. புளிப்பில் சதை வெளுக்கும், வெந்த மாதிரித் தெரியும், அவ்வளவுதான். எந்தக் கடையாவது ரகசியமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆசையாக இருந்தால் அந்தத் துண்டுகளைக் கொதிக்கும் கஞ்சியில் போட்டு வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஈஷூன் ராஜி

சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறும் கஞ்சி வாங்கலாமா? வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போகும்போது இந்தக் கேள்வி வரும்.

சமையல்கட்டு சாந்தி

கேன்டனீஸ் கடையில் வேண்டாம் ராஜி. வெறும் கஞ்சி என்று எழுதியிருந்தாலும் அண்டாவில் பெரும்பாலும் பன்றி எலும்புச்சாறுதான், சிப்பிச்சதையும் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மேலே போடுவதை நிறுத்துவார்கள், சாறு அதேதான். தியோசூ முவே தண்ணீரில் வைத்தது, ஆனால் பக்கத்திலுள்ள கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருக்கலாம், இடுக்கியும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

பெரியவர்களுக்குச் சீன பௌத்த சைவக் கடைதான் சரி. காளான், ஃபூ சுக் போட்ட கஞ்சி கிடைக்கும், வெங்காயம் பூண்டும் இருக்காது. சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் அங்கே கூட்டம் அதிகம், சீக்கிரம் போக வேண்டும். முஸ்லிம் நண்பர்களோடு போனால் ஹலால் சான்றிதழ் உள்ள கோழிக்கஞ்சிக் கடை. சாதாரணக் கடையில் ‘மீன் கஞ்சி மட்டும்தானே’ என்று வாங்கக்கூடாது, அண்டா ஒன்றுதான்.

பாசிர் ரிஸ் கலா

கஞ்சி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறதே. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது நல்லதா?

அடுப்படி

மேலே எழுதிய அளவை வைத்தே பாருங்கள். அரை லிட்டர் கிண்ணத்தில் அரிசி 50 கிராம்தான், மீதி தண்ணீர். பசிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்த 50 கிராமும் முழுக்க உடைந்து கரைந்திருப்பதால் மிக வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும், அதே அரிசியைச் சோறாகச் சாப்பிடுவதைவிட வேகமாக. சர்க்கரை உள்ளவர்கள் சின்னக் கிண்ணம் வாங்கி, மீனும் முட்டையும் கூட்டிக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோயாவையும் உப்பு முட்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அடிக்கஞ்சியிலேயே உப்பு இருக்கிறது.

புக்கிட் பாத்தோக் மணி

கேலாங் வட்டாரத் தவளைக் கஞ்சியை யாரும் சொல்லலையே. அங்க கஞ்சி தனி மண்சட்டியில வெறுமனே வரும், தவளை இன்னொரு சட்டியில காய்ஞ்ச மிளகாயும் கறுப்பு சோயாவும் போட்டு வரும். கூட்டம் அந்தக் குழம்புக்குத்தான். கஞ்சியை மட்டும் ருசிச்சுப் பாருங்க, பல கடையில மாவுக்கஞ்சி. காரம் தாங்காதவங்க இஞ்சி, வெங்காயத்தாள் போட்டது கேக்கலாம், கறியோட உண்மையான ருசி அதுலதான் தெரியும்.

ஈஷூன் ராஜி

கடைசியாக ஒன்று. பார்சல் வாங்கினால், கஞ்சியோடு சாப்பிடும் யூ சார் குவே என்ற பொரித்த மாவுக்குச்சி நமுத்துப்போகிறது.

சமையல்கட்டு சாந்தி

வெட்டிப் போட வேண்டாம், முழுசாகத் தனிக் காகிதப் பையில் கொடுங்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அதன் ஆவியே அதை நமுத்துப்போகச் செய்யும். கஞ்சிக்கடையில் காலையிலேயே வெட்டி டப்பாவில் போட்டு வைத்திருந்தால் அதை வாங்காமல், அதே அங்காடியில் பொரித்துக்கொண்டிருக்கும் கடையில் தனியாக வாங்குவது நல்லது. வீட்டில் 180 டிகிரி ஓவனில் 4, 5 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்புத் திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும்.

கஞ்சியைச் சூடாக்கும்போது 100 மில்லி கொதிநீர் சேர்த்து, அடியிலிருந்து கிளறி, முழுக் கொதி வரும்வரை விடுங்கள். மீன் துண்டுகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கஞ்சி கொதித்த பிறகு திரும்பப் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள்.